மேற்கே போன பை

சிட்னியிலிருந்து பாலைவனத் தேசியப் பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு காரில் போவதென்று முடிவுகட்டிய ஈஸ்வரமூர்த்தி, 1975ஆம் வருஷம் முழுக்க வரைபடமும் கையுமாகவே திரிந்தார். பெட்ரோல் எங்கே கிடைக்கும், தண்ணீர் எங்கே கிடைக்காது, கங்காரு எங்கே குறுக்கே பாயும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். லீவு கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து.

“வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்,” என்றாள் மனைவி நாகலட்சுமி.

“பாலைவனம் மேற்கேதான் இருக்கு. அதை நான் நகர்த்த முடியாது.”

“அதுக்குத்தான் பரஸ்தானம். முதல் நாள் நல்ல நேரத்துல ஒரு பையை மேற்கு வீட்டுல கொண்டுபோய் வெச்சிட்டா, அன்னிக்கே கிளம்பின கணக்கு. எது இல்லாம போகவே முடியாதோ, அதை அதுல போடுங்க.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருந்த ஒரே கார் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டார்.

வியாழன் காலை மேற்கு வீட்டுக் கெவினிடம் பையைக் கொடுத்து, எங்களுக்கு முன்னால் இது மேற்கே போகவேண்டும், அது எங்கள் வழக்கம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். கெவின் மிகுந்த மரியாதையோடு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மூட்டை முடிச்சுகளைக் கார் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் பையைக் கேட்கப் போனார். கெவினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தம்பியின் லாரியில் நேற்றே அனுப்பிவிட்டாராம். இந்நேரம் மேற்கே ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் புரோக்கன் ஹில் ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்குமாம்.

ஈஸ்வரமூர்த்தி திரும்பி வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

“பார்த்தீங்களா,” என்றாள் நாகலட்சுமி, “ஒரு தடங்கலும் இல்லாம போயிருக்கு.”