அணைத்து வைத்த டிவியில் ஓடிய தொடர்

"நேத்து என்ன ஆச்சு?"

"யாருக்கு?"

"யாருக்காம்! பொறுத்தவளுக்குத்தான்."

காலை எட்டே காலுக்கு அந்த வீட்டில் இப்படித்தான் பொழுது விடியும். மகள் பள்ளிக்கூட வண்டியில் ஏறிய கையோடு, கணவர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு டிவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். டிவி அணைந்திருக்கும். அதனால் என்ன? மனைவி பக்கத்தில் நின்று துணி மடித்தபடியே முந்தின நாள் கதையைச் சொல்ல வேண்டும். அவர் அந்தக் கறுப்புக் கண்ணாடியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு கேட்பார். கதை சொல்கிற முகத்தை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவருக்குப் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதுகிற உத்தியோகம். பகல் பன்னிரண்டிலிருந்து எட்டு வரை ஷிப்ட். 'பொறுத்தவள்' தொடரோ மாலை ஏழு மணிக்கு. ஆயிரத்து நூற்றுப் பதினான்கு எபிசோடு வரை ஒன்றுவிடாமல் பார்த்த மனிதர், ஆறு மாதத்துக்கு முன் ஷிப்ட் மாறியதும் கண் போன மாதிரி ஆகிவிட்டார். போனில் பார்த்துக்கொள்ளலாமே என்று மைத்துனர் ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"அவ அழுறது உள்ளங்கை அளவுக்குத் தெரிஞ்சா நமக்கு எவ்வளவு அழுகை வரும்? நகத்தளவுதான் வரும். போங்க மச்சான்!"

ஆகவே கதை சொல்லும் பொறுப்பு மனைவியின் தலையில் விழுந்தது. அதற்கும் சட்டதிட்டம் உண்டு. யார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். அதிர்ச்சியான சேதி வந்தால் யார் முகத்தை முதலில் காட்டினார்கள், யார் முகத்தைக் கடைசியில் காட்டினார்கள் என்று வரிசை தப்பக் கூடாது. நடுவில் விளம்பர இடைவேளை விட வேண்டும். அப்போது அவர் காலி டம்ளரை நீட்டுவார். அவள் உள்ளே போய் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிக்கொண்டு வர வேண்டும்.

அவள் தன் சொந்தக் கதையைப் பேசக் கிடைத்ததும் அந்த விளம்பர நேரம்தான்.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்பல இருக்கிற மருந்துக்கடைக்கார அம்மா மறுபடியும் கேட்டாங்க. மதியம் ரெண்டுலேருந்து எட்டு வரைக்கும் வேலை. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். இல்லைன்னா வேற ஆளை வெச்சிடுவாங்களாம்."

"பாக்கலாம்."

"மூணு மாசமா பாக்கலாம் பாக்கலாம்கிறீங்க. படிச்சு வாங்கின சர்டிபிகேட் ஒன்பது வருஷமா பீரோவுல தூங்குது. நீங்க காலை ஷிப்டுக்கு மாறினாப் போதும். நாலு மணிக்கு பொண்ணு வரும்போது வீட்ல ஆளிருக்கும்."

"மாத்தணும்னா அந்த சூப்பர்வைசர் கையெழுத்து போடணும். அவன்கிட்ட நான் போய் நிக்கணுமா?"

அந்தச் சண்டை சொத்துத் தகராறோ வாய்க்கால் தகராறோ இல்லை. சூப்பர்வைசர் அடுத்த சேனலில் வரும் 'பொங்கியெழுந்தவள்' தொடரின் ரசிகர். ஒருநாள் கேன்டீனில், "உங்க ஆளு அழுதா குழாய் கெட்டுப்போன மாதிரி இருக்குய்யா" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு முறிந்தது. எட்டு மாதமாக வேலை விஷயத்தைக்கூட இருவரும் சீட்டில் எழுதித்தான் அனுப்பிக்கொண்டார்கள். ஷிப்ட் மாற்றமும் அதற்கப்புறம் ஒரு சீட்டில்தான் வந்தது.

"மாத்தினா நீங்களே ஏழு மணிக்கு நேர்ல பாக்கலாமேங்க."

"பொறுத்தவளைப் பாக்கிறதுக்காக, பொறுத்தவளைத் திட்டினவன் கால்லயே விழுறதா? அது அவளுக்கே பிடிக்காது. விளம்பரம் முடிஞ்சுது, நீ மேல சொல்லு."

அவளுக்கு அந்தத் தொடர் பிடிக்காது. ஏழு மணிக்கு டிவியைப் போட்டுவிட்டு, மடியில் பழைய மருந்துப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் அதையும் ஒரு கண்ணால் இதையும் பார்ப்பாள். மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் புத்தகத்தில் மூழ்கி டிவியைப் போடவே மறந்துபோனாள். மறுநாள் காலை நாற்காலியும் டம்ளரும் தயாராக இருந்தன.

"நேத்து என்ன ஆச்சு?"

"நேத்தா... வீட்டுக்கு ஒரு பெட்டி வந்துச்சு."

"பெட்டியா! என்ன பெட்டி?"

"பூட்டின பெட்டி. தாடிக்காரன் அதைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டான்." தாடிக்காரன் என்றால் பொறுத்தவளின் கணவன்.

"அவன் ஏன் நின்னான்? அவ என்ன கலர் கட்டியிருந்தா?"

"ஊதா."

"ஊதாவா! ஊதா கட்டினாலே ஏதோ நடக்கப்போகுதுன்னு அர்த்தம். ஆறு மாசத்துல இந்த மாதிரி ஒரு எபிசோடு வரலடி!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் டிவியைத் தொடவே இல்லை. பொய்க்குக் கால் முளைத்து, நடந்து, ஓடவும் ஆரம்பித்தது. பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயரே 'எபிசோடு'. காலையில் கேட்டதை மதியம் அங்கே ஓட்டுநர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் ஒப்பிப்பார். கூட்டம் கூடிவிட்டது. தொடரை யாரும் பார்க்கவில்லை. இவர் சொல்வதைக் கேட்டால் போதும் என்று இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைக்குக் கெடு வைத்த அந்த வாரம், திங்கட்கிழமை காலையில் அவள் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"உள்ள என்ன இருந்துச்சு?"

"சர்டிபிகேட்."

"யாரோட சர்டிபிகேட்?"

"பொறுத்தவளோடதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி படிச்சிருக்கா. யாருக்கும் தெரியாது."

"அடப்பாவமே! ஆயிரத்து இருநூறு எபிசோடா ஒரு வார்த்தை சொல்லலையே அவ!"

"யாரும் கேக்கல."

அவர் மூக்கை உறிஞ்சினார். கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதைத்தான் பொறுத்தவள் என்று நினைத்து இரக்கப்பட்டாரோ என்னவோ.

புதன்கிழமை காலைக் கதையில் பொறுத்தவள் தாடிக்காரனிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"வேலைக்குப் போறேன், நீங்க ஷிப்டை மட்டும் மாத்திக்குங்கன்னு கேட்டா."

"அவன் என்ன சொன்னான்?"

"பாக்கலாம்னான்."

"பாக்கலாமா!" அவர் தொடையில் ஓங்கித் தட்டினார். "மனுஷனா அவன்? கல்லா? இத்தனை வருஷம் அவனுக்கு உழைச்சுக் கொட்டினவ. ஒரே ஒரு ஷிப்டு, அதை மாத்தறதுக்கு என்ன கேடு இவனுக்கு?"

"மேலதிகாரிகிட்ட போய் நிக்கறதுக்கு மானமா இருக்காம்."

"பொல்லாத மானம்! பொண்டாட்டி கண்ணீரை விடவா மானம் பெருசு? கால்ல விழுந்தாவது மாத்த வேண்டாமா? இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் நிக்க வெச்சுக் கேக்கணும்!"

"கேக்கணும்தான்" என்று அவள் தலையணை உறையை நான்காக மடித்தாள். "விளம்பரங்க. டம்ளரைக் குடுங்க."

அன்று மதியம் பணிமனையில் இந்தக் கதை ஓடியது. தாடிக்காரனைத் திட்டாத கண்டக்டர் இல்லை. கிழட்டு ஓட்டுநர் ஒருவர் கைத்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் கையில் எண்ணெய்த் துணியோடு வாயைத் திறந்தான்.

"அண்ணே, என் வீட்டுக்காரி இதைத் தினமும் பாக்குறா. பொறுத்தவள் வேலைக்குப் போறேன்னு கேக்கவே இல்லையே. மாடிப்படியிலேருந்து விழுந்துக்கிட்டு இருக்கா."

"எப்ப விழுந்தா?"

"விழுந்து முடியலைண்ணே. வெள்ளிக்கிழமையே கால் தவறிடுச்சு. இன்னும் தரைக்கு வந்து சேரல."

"உன் வீட்டுக்காரிக்குக் கண்ணு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"எதுக்குய்யா சண்டை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சூப்பர்வைசர்தான். ஆனால் அவர் எபிசோடிடம் பேசவில்லை, பொதுவாகக் காற்றில் பேசினார். "ரெண்டு மணிக்கு மறுஒளிபரப்பு வருதாமே. கேன்டீன்ல போட்டுப் பாத்துடுவோம்."

போட்டார்கள். பொறுத்தவள் படியில் விழுந்துகொண்டிருந்தாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மாமியார் முகத்தைக் காட்டினான், நாத்தனார் முகத்தைக் காட்டினான், சுவரில் மாட்டிய கடிகாரத்தைக் காட்டினான், மறுபடியும் மாமியார். பெட்டி இல்லை, சர்டிபிகேட் இல்லை, ஊதாவும் இல்லை. கடைசியில் 'தொடரும்' என்று போட்டபோது அவள் இன்னும் இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எபிசோடுக்குப் பொறுக்கவில்லை. ஓட்டுநர் பெரியவர் அவர் தோளில் தட்டி, "போகட்டும் தம்பி, நீ சொன்னதுதான் நல்லா இருந்துச்சு" என்றார். அன்று வந்த நான்கு வண்டிகளுக்கு எபிசோடு நேரமே எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை நாற்காலி போட்டபடி இருந்தது. டம்ளர் இல்லை.

"பொய் சொன்னியா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"அப்ப அந்தப் பெட்டி?"

"நான்தான் அனுப்பி வெச்சேன்."

"பொறுத்தவளோட பெரியப்பா செத்தது? ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கலையே!"

"அவரு ரொம்பப் பேசினாரு. முடிச்சுட்டேன்."

"அடிப்பாவி! ஒரு உசிருடி!" அவர் எழுந்தார், உட்கார்ந்தார். "டிப்போவே என்னைப் பாத்து இரக்கப்படுது. என் மானம் போச்சு. உனக்கு என்னடி கேடு?"

"கேடுதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. மூணு மாசமா என் வாயால சொன்னேன், காதுல ஏறல. அவ வாயால சொன்னேன், அழுதீங்க."

"அது கதை."

"கதையில இருக்கிறவளுக்கு ஒரு நியாயம், கட்டினவளுக்கு ஒரு நியாயமா? கால்ல விழுந்தாவது மாத்தணும்னு யாரு சொன்னது? நிக்க வெச்சுக் கேக்கணும்னு யாரு சொன்னது? இதோ நிக்க வெச்சுக் கேக்குறேன்."

அவர் அணைந்த டிவியைப் பார்த்தார். அந்த மனசு என்ன பாடுபட்டதோ, ஏதோ திருந்தித்தான் பேசப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி, அதை விடு. தாடிக்காரன் கடைசியில ஷிப்டை மாத்தினானா, இல்லையா?"

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. துணிக்கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? அது இன்னிக்கு உங்க டிப்போவுல நடக்கிற எபிசோடு. வந்து நீங்க சொல்லுங்க."

அன்று சூப்பர்வைசர் அறை வாசலில் அவர் கால் மணி நேரம் நின்றார். சீட்டு எழுதி எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு உள்ளே போனார்.

"சார்."

"யாரு, எபிசோடா! வாய் வந்திடுச்சா? சீட்டு எங்க?"

"காலை ஷிப்ட் வேணும் சார்."

"எதுக்கு? அந்தம்மா தரைக்கு வந்து சேர்றதை நேர்ல பாக்கவா?"

"வீட்ல வேலைக்குப் போறாங்க சார். பொண்ணு ஸ்கூல்லேருந்து வந்தா நான் இருக்கணும்."

சூப்பர்வைசர் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். ஜன்னலுக்கு வெளியே மெக்கானிக், இரண்டு கண்டக்டர்கள், ஓட்டுநர் பெரியவர் எல்லோரும் ஏதோ வேலை இருப்பது மாதிரி நின்றார்கள்.

"போட்டுடறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எது உசத்தி? பொறுத்தவளா, பொங்கியெழுந்தவளா?"

"சார், அது வேண்டாம் சார்."

"அப்ப இதுவும் வேண்டாம்."

"பொங்கி..."

"காதுல விழல."

"பொங்கியெழுந்தவள் சார்."

"ஜன்னல்ல நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."

"பொங்கியெழுந்தவள்தான் சார் உசத்தி!"

கையெழுத்து விழுந்தது. அவர் அங்கேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"காட்டிக் கொடுத்துட்டேன்டி."

"யாரை?"

"பொறுத்தவளை. பத்துப் பேரு முன்னாடி."

"ஷிப்டு?"

"அது கிடைச்சுது. ஆனா என் வாயால நான்..."

மீதியை அவர் சுவரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் மருந்துக்கடைக்கார அம்மாவுக்குப் போன் செய்யப் போய்விட்டாள்.

முதல் தேதி அவள் வேலைக்குப் போனாள். எட்டு மணிக்குக் கடையில் விடைபெற்றுக்கொண்டு, எட்டே காலுக்குக் கால் கடுக்க வீட்டுக்கு வந்தாள். மகள் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் நாற்காலியில் இருந்தார். டிவி அணைந்திருந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரு படி இறங்கியிருக்கா. பாதியில அணைச்சுட்டேன்."

"ஆசைப்பட்டதுதானே?"

"நேர்ல பாத்தா ஒண்ணுமே இல்லையேடி. நீ சொன்னப்ப எவ்வளவு இருந்துச்சு! இந்தா, அந்தத் தாடிக்காரன் என்ன ஆனான்? நீயே முடிச்சுடேன்."

"அவன் கதை முடிஞ்சுது. கடையில இன்னிக்கு ஒரு ஆளு வந்தான், அதைச் சொல்லட்டுமா?" அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள். "இருமல் மருந்து வேணும்னான். டாக்டர் சீட்டைக் குடுன்னேன். அவன் குடுத்த சீட்டுல வேற ஒரு பொம்பளை பேரு இருந்துச்சு."

"ஐயோ! என்ன கலர் சட்டை?"

கேட்டபடியே அவர் நாற்காலியை நகர்த்திச் சரிசெய்துகொண்டார். அவள் பக்கமாக இல்லை. அணைந்து கிடந்த டிவியின் பக்கமாக.

"அப்பா, அம்மா இந்தப் பக்கம் இருக்காங்க" என்றாள் மகள், கணக்கிலிருந்து தலை நிமிராமல்.

"தெரியும், தெரியும். நீ படி. சொல்லுடி, பேரைப் பாத்ததும் அவன் முகம் எப்படி இருந்துச்சு?"

"பேரைப் படிச்சேன். அவன் அப்படியே வெளுத்துப்போயிட்டான். அந்த நேரம் பாத்து கடை வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. அதுலேருந்து..."

"அதுலேருந்து?"

"விளம்பரம்" என்று அவள் காலி டம்ளரை நீட்டினாள்.

அவர் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். முறை முறைதானே. எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"டீத்தூள் எந்த டப்பாவுல இருக்கு?"

"தேடுங்க. இது பெரிய விளம்பரம்."