கண்ணால் கண்ட சாட்சி

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஆவியை ஹேமாவதி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஆட்டோ வந்து நின்றது. பந்தலில் இருந்தவர்களின் பேச்சு சட்டென்று அடங்கியது. யார் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணி அஞ்சலை இறங்கினாள். பின்னாலேயே பள்ளிச் சீருடையில் மகள் நிவேதிதா.

பெட்டிக்குள் கிடந்தவன் ஹேமாவதியின் அண்ணன் ரவிச்சந்திரன். நாற்பத்து மூன்று வயது. காலையில் பல் தேய்க்கப் போனவன் குழாயடியிலேயே சரிந்தான். கோவில்பதாகையிலிருந்து ஆவடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா பரந்தாமன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யார்ரா அவளுக்குச் சொன்னது? உள்ள வந்தா நான் மன்சனா இருக்கமாட்டேன். கேட்ட சாத்துங்கடா!"

கேட் சாத்தப்பட்டது. அஞ்சலை வெளியிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தபா மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன் மாமா. தாலி இன்னும் கழுத்துலதான் கீது."

"அத கட்னவன்தான் நீ இன்னா பண்ணேன்னு கோர்ட்ல எழுதிக் குடுத்துட்டானே! எம் பொண்ணு ரெண்டு கண்ணால பாத்தாளே!"

எல்லோரும் ஹேமாவதியைப் பார்த்தார்கள். அவள் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதையும் பார்த்திருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ரவிச்சந்திரன் காட்டுப்பாக்கத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் தொடங்கியிருந்தான். அஞ்சலைக்குத் தெரியும், ஹேமாவதிக்கும் தெரியும். அப்பாவின் காதுக்கு மட்டும் யாரும் கொண்டுபோகவில்லை. அஞ்சலையை விவாகரத்து செய்துவிடவேண்டும் என்று அவன் வக்கீலிடம் போனபோது தங்கையையும் துணைக்குக் கூட்டிப்போனான்.

வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு பேரும் சேந்து கேட்டா சுலபம். அவங்க ஒத்துக்கல. சும்மா பிடிக்கலன்னா கோர்ட் குடுக்காது சார். இப்ப தப்பு உங்க மேல இருக்கு. அவங்க கேட்டா கிடைக்கும், நீங்க கேட்டா கிடைக்காது. நீங்க கேக்கணும்னா தப்பு அவங்க மேல இருக்கணும். பாத்த சாட்சியும் இருக்கணும்."

அமல்ராஜின் பெயர் அந்த மேசையில்தான் அகப்பட்டது. அஞ்சலை வேலை செய்த அம்பத்தூர் தையல் கம்பெனிக்கு வேன் ஓட்டியவன் அவன். மழை நாளொன்றில் அவளை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டிருந்தான். அவ்வளவுதான்.

"நீ சொன்னாத்தான் எடுபடும் ஹேமா. இல்லன்னா நான் தூக்குல தொங்கிடுவேன்." அண்ணன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். அம்மா செத்த பிறகு அவளுக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய கை. அயனம்பாக்கத்தில் இருந்த தன் புருஷனிடம்கூடச் சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் படுக்கையறையில் இருவரையும் கண்ணால் பார்த்தேன் என்று.

அமல்ராஜ் ஊரைவிட்டுப் போனான். அஞ்சலைக்கு வேலை போயிற்று. நிவேதிதா பள்ளி மாறினாள்.

இடுப்பில் சொருகியிருந்த போன் அதிர்ந்தது. வக்கீல். ஹேமாவதி கொல்லைப்பக்கம் போய் எடுத்தாள்.

"கேள்விப்பட்டேன்மா, ரொம்ப வருத்தம். ஒண்ணு சொல்லிடறேன். மனு போட்டவர் இறந்துட்டா கேஸ் அதோட முடிஞ்சுது. செவ்வாக்கிழமை குறுக்கு விசாரணைக்கு நீங்க வர வேணாம்."

"அப்ப நான் எழுதிக் குடுத்தது சார்?"

"ஃபைல்ல கிடக்கும். இனிமே அது உண்மையா பொய்யான்னு யாரும் பாக்கப்போறதில்ல. நீங்களா வாயத் தெறந்து பொய்னு சொல்லிடாதீங்க. பொய்ச்சாட்சின்னு உங்க மேல திரும்பும். ஜெயிலுக்குப் போற சமாச்சாரம்மா."

ஆறு மாதமாக அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பித்துவிட்டோம் என்று நெஞ்சு லேசாக வேண்டிய நேரம். அவளோ போனை மறுபடியும் இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

நேராக கேட்டுக்குப் போனாள். அஞ்சலை அதே இடத்தில் நின்றாள். அவள் அழவில்லை.

"உன்ன கூண்டுல ஏத்துவாங்கன்னு நாள எண்ணிக்கினு இருந்தேன் ஹேமா. எந்த ரூமு, இன்னா கலரு பொடவ, கதவு தெறந்து இருந்துச்சா மூடி இருந்துச்சா, எல்லாம் உன்ன கேக்கறேன்னு என் வக்கீலு சொன்னாரு. உங்கண்ணன் செத்துட்டாரு. இப்ப யாரு உன்ன கேப்பாங்க? இவளுக்கு நான் இன்னா சொல்லுவேன்?"

நிவேதிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேமாவதி திரும்பினாள். "அப்பா, நான் பாக்கல."

"இன்னாது?"

"நான் எதையும் பாக்கலப்பா. பொய்யா எழுதிக் குடுத்தேன். அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல. அண்ணன்தான் காட்டுப்பாக்கத்துல..."

"ஏய்!" பரந்தாமன் கையை ஓங்கினார். "செத்து நாலு மணி நேரம் ஆவல. அவன் மேலயா பழி போடற?"

ஹேமாவதியின் சித்தி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழுது அழுது பித்து புடிச்சிப் போச்சு புள்ளைக்கு. அண்ணி மேல பாவப்பட்டு இன்னான்னாவோ ஒளறுது. யாராச்சும் தண்ணி குடுங்க."

யாரோ சொம்பை அவள் வாயில் வைத்தார்கள். "நெசமாத்தான் சொல்றேன் சித்தி!" என்று கத்தினாள். தண்ணீர் மூக்கில் ஏறியது. அன்றைக்கு ஒரே வார்த்தையில் நம்பியவர்கள் இன்றைக்கு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது.

பிணத்தை எடுத்தபோது பரந்தாமனே கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். கேட் திறந்தது. அஞ்சலை சுவரோடு ஒதுங்கி, குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். தூக்கியவர்களின் தோள்கள் மறைத்தன. மாலைகள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. பெண்கள் தெருமுனைவரை பின்னால் போனார்கள்.

ஹேமாவதி போகவில்லை. "சொன்னேனே அண்ணி. யாரும் கேக்கலயே."

"வாயால சொன்னா யாரு கேப்பாங்க? எழுதிக் குடு."

"ஜெயில்ல போட்டுடுவாங்களாம் அண்ணி. வக்கீலு சொல்றாரு. எனக்கும் குடும்பம் கீது."

அஞ்சலை அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ரெண்டு வருசமா எங்க கீறேன்னு நெனச்ச?"

நிவேதிதா யாரும் சொல்லாமலே தோள்பையைத் திறந்தாள். நோட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்துக் கிழித்து, பேனாவோடு நீட்டினாள்.

எதிரே பூட்டிக்கிடந்த கடையின் படியில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து ஹேமாவதி எழுதினாள். பேனா இரண்டு இடத்தில் தாளைக் குத்திக் கிழித்தது. காட்டுப்பாக்கத்தையும் எழுதினாள். முடித்து நீட்டியபோது அஞ்சலை வாங்கவில்லை.

"நிவேதிதா, நீ வாங்கிப் படி."

பெண் வாங்கினாள். உதடுகள் அசைந்தன. நான்காவது வரியில், அப்பாவின் பெயர் வந்த இடத்தில், நின்றுவிட்டாள்.

தெருமுனைவரை போன பெண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சித்தி முன்னால் வந்தாள்.

"சத்தமா படி," என்றாள் அஞ்சலை.

நிவேதிதா தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.