சபீனா கழற்றி மாட்டிய வயர்கள்

சுதாவின் வீட்டில் கார் நிறுத்துவதற்கென்று கட்டிய இடத்தில் கார் நின்றதே இல்லை. திருவேற்காட்டில் வீடு கட்டும்போது மாமனார் ஆசைப்பட்டு விட்டுவைத்த இடம் அது. பாடியில் இழுத்து மூடிய ஒரு பட்டறையிலிருந்து பழைய மில்லிங் மிஷின் ஒன்றை வாங்கி, டாடா ஏஸில் ஏற்றிவந்து அவள் அங்கே இறக்கிய அன்றுதான் அந்த இடத்துக்கு ஒரு வேலை வந்தது. மேசை மேல் வைத்து ஓட்டும் சின்ன மிஷின்தான். ஆனாலும் தெரு ஆட்கள் நாலு பேர் கை கொடுத்துத்தான் இறக்க முடிந்தது.

இரும்பைச் செதுக்கும் மிஷின். மேலே சுழலும் கட்டர். கீழே, செதுக்க வேண்டிய துண்டைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். மேசையை நகர்த்தவும் கட்டரை ஏற்றி இறக்கவும் கைப்பிடி வைத்த சக்கரங்கள். அந்தச் சக்கரங்களை எடுத்துவிட்டு மோட்டார்களைப் பொருத்தி, கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு மிஷின் தானே வெட்டும்படி, சிஎன்சியாக, மாற்ற வேண்டும். புது சிஎன்சி வாங்க வக்கில்லாத சின்னப் பட்டறைகள் அம்பத்தூரிலும் பாடியிலும் எத்தனையோ. ஒன்றை மாற்றி ஓட்டிக் காட்டிவிட்டால் அவர்களே தேடி வருவார்கள் என்று சுதா நம்பினாள். பிள்ளை பிறந்தபோது விட்ட வேலைக்குத் திரும்பிப் போக அவளுக்கு மனசில்லை.

மோட்டாரைப் பொருத்துவதும் ப்ரோக்ராம் எழுதுவதும் அவளுக்குக் கைவந்த வேலை. கரண்டு என்றால்தான் உதறல். அதற்கு அவள் கூப்பிட்டது சபீனாவை. ஆவடியில் பாலிடெக்னிக் படித்தபோது ஒரே பெஞ்ச். சபீனா இப்போது பாடியில் ஒரு கம்பெனியில் கண்ட்ரோல் பேனல்களுக்கு வயரிங் செய்கிறாள். லீவு நாட்களில் பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். வந்ததும் துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டாள்.

"இன்னாடி அவசரம்? அந்த ஓரத்து வயரு மட்டும் முடிச்சிக்கினு வரேன்" என்பாள்.

மிஷின் முதல்முறை தானாக நகர்ந்தபோது இருவரும் சின்னப் பிள்ளைகள் போலக் கத்தினார்கள். சுதா அதை வீடியோ எடுத்துப் போட்டாள். 'என் கையால் மாற்றிய மிஷின்' என்று அதன் கீழே எழுதினாள். சபீனா பார்த்துவிட்டு ஒரு கைதட்டல் படம் மட்டும் போட்டாள். சுதாவும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் ஜானகிராமன் போன் செய்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறு பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு அவர் செயலாளர். மாதக் கூட்டத்தில் மிஷினைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார். சுதாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டத்தன்று காலையில் மிஷினை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அசைவு மந்தமாக இருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. பட்டறைக்காரர்கள் முன்னால் மாட்டுவண்டி மாதிரி ஓடினால் நன்றாகவா இருக்கும்? கம்ப்யூட்டரில் கட்டர் ஏறி இறங்கும் வேகத்தை மட்டும் ஏற்றி வைத்தாள். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். விர்ரென்று போய் வந்தது. திருப்தியாக மூட்டை கட்டினாள்.

கூட்டத்துக்கு நல்ல கும்பல். பாடியில் கியர் பட்டறை நடத்தும் லோகநாயகி முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடிவந்த சபீனா கடைசியில் சுவரோரமாக நின்றாள். சுதா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

சுதா பேசி முடித்ததும் ஜானகிராமன் மைக்கை வாங்கினார். "மோட்டார், ப்ரோக்ராம், வயரிங் எல்லாம் நீங்களே பண்ணீங்களாம்மா? ஒத்த ஆளா?"

ஒரு பெயரைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அத்தனை கண்களும் தன்மேல் இருந்த அந்த நொடியில் சுதாவின் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"ஆமா சார். எல்லாம் நானேதான்."

கைதட்டினார்கள். சபீனா நின்ற பக்கம் சுதா திரும்பவில்லை. பட்டனை அழுத்தினாள்.

கட்டர் இறங்கியது, வெட்டியது, ஏறியது, நகர்ந்தது. மறுபடி இறங்கியது. முன்வரிசையில் ஒருவர் போனில் படம் பிடிக்க எழுந்தார். அப்போது மிஷினிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது. அடுத்த தடவை இறங்கிய கட்டர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. துண்டைத் துளைத்து, வைஸின் இரும்பில் போய் முட்டி, பட்டாசுபோல் உடைந்தது. உடைந்த முனை பிளாஸ்டிக் மறைப்பில் அறைந்து கீழே விழுந்தது. படம் பிடித்தவர் "ஐயோ" என்று பின்னால் சாய்ந்தார்.

சுதா சுவிட்சை அணைத்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் லோகநாயகி.

"வயரிங்ல ஏதோ லூஸ் கனெக்‌ஷன் மேடம்." சுதாவின் காதுகள் கொதித்தன. "வயரிங் நான் பண்ணல. என் ஃப்ரெண்ட் ஒருத்தி பண்ணா."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இப்போதுதான் எல்லாம் நானே என்றாள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அவளே சபீனாவை இழுத்து நடுவில் நிறுத்திவிட்டாள், பழி சுமப்பதற்கு மட்டும். ஜானகிராமன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் கேட்காமல் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் திட்டியிருக்கலாம். சுவரோரம் நின்ற சபீனா குனிந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாயங்காலம் வீட்டில் மிஷினை இறக்கியதும் சுதா வேறு கட்டர் மாட்டி மறுபடி ஓட்டினாள். கரகரவென்று அதே சத்தம். வேகத்தைப் பழையபடி குறைத்தாள். சத்தம் இல்லை. ஏற்றினாள், சத்தம். கட்டர் இருக்கும் தலைப்பகுதி நல்ல கனம். ஒரு தடவை தூக்கிவிடும்; திரும்பத் திரும்ப அந்த வேகத்தில் தூக்க முடியாமல் மோட்டார் திணறி நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. மேலே தூக்கியாகிவிட்டது என்று நினைத்து, அதே அளவுக்குக் கீழே இறக்குகிறது. வயரிங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காலையில் அவளே தன் கையால் செய்த வேலை.

போனை எடுத்தாள். சபீனாவின் பெயர் வரைக்கும் போனாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்குள் சபீனாவே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டைத் திறந்துகொண்டு, கையில் புது வயர்ச் சுருளோடு.

"மன்னிச்சிக்கடி" என்றாள். "அத்தினி பேருக்கு முன்னாடி உன் மானத்த வாங்கிட்டேன். எங்க லூஸா உட்டேன்னு யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன், ஒண்ணும் புரியல. மொத்தத்தையும் கழட்டிப் புதுசா மாட்டிடறேன், இரு."

'நீ என்னை அப்படிச் சொல்லலாமா' என்று அவள் சண்டை போட்டிருந்தால் சுதா அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பாள். சண்டைக்கு பதில் மன்னிப்பு வந்ததில் அவளுக்கு நாக்கு எழவில்லை. "பரவால்ல விடுடி" என்று மட்டும் சொன்னாள். அதைக்கூடப் பெருந்தன்மைபோலத்தான் சொன்னாள்.

சபீனா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வயராகக் கழற்றினாள். ஒவ்வொரு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுவும் நல்லாத்தான் கீது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கழற்றிய இடத்தில் புது வயரை மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தாள். சுதா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தாள், டார்ச் பிடித்தாள். டீ போடுகிறேன் என்று உள்ளே போனவள் அடுப்பைப் பற்றவைக்காமல் வெறுமனே நின்றாள். திரும்பி வந்து, சபீனா முதுகு காட்டிக் குனிந்திருந்த நேரத்தில், கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்து வைத்தாள்.

வெயில் சாய்ந்தபோது மிஷின் ஓடியது. ஒரு பிசிறு இல்லை.

சபீனா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. "பாத்தியா. அப்ப என் மேலதான் தப்பு" என்றாள். விரல்களை விரித்து ஒருதரம் பார்த்துக்கொண்டாள். கழற்றிய பழைய வயர்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சுதா கேட் வரை போனாள். வாயைத் திறந்தாள். "பாத்துப் போ" என்றாள்.

சில நாள் கழித்து லோகநாயகி போன் செய்தார். பட்டறையில் கிடக்கும் இரண்டு பழைய மிஷின்களை மாற்றித் தர முடியுமா என்று கேட்டுவிட்டு, "வயரிங் வேலைய மட்டும் அந்தப் பொண்ணு சபீனாவுக்குத் தரலாம்னுதான் மொதல்ல இருந்தேன். எங்க பட்டறைக்குப் பக்கத்து கம்பெனிலதான வேலை பாக்கறா, தனியா தொழில் பண்ணணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கினு இருந்தா. இப்ப கூப்ட்டா, என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்லக்கா, வேற ஆள பாருங்கன்றா. அதையும் சேத்து நீயே பாத்துக்கயேன்" என்றார்.

"யோசிச்சு சொல்றேன் மேடம்" என்றாள் சுதா. போனை வைத்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாடி மேம்பாலத்துக்குக் கீழே, ஷிப்ட் விட்ட கூட்டத்துக்கு நடுவில் சபீனா பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். சுதாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இன்னாடி இந்தப் பக்கம்?"

சுதா எதையும் பூசி மெழுகவில்லை. வேகத்தை ஏற்றியதையும், அதனால் என்ன ஆனது என்பதையும் சொன்னாள். லாரிச் சத்தத்தில் குரலை உயர்த்தியே சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சபீனா கேட்டுக்கொண்டாள். பிறகு, "இது உனக்கு எப்ப தெரியும்?" என்றாள்.

"அன்னிக்கு சாயங்காலமே."

"அப்ப நான் உன் ஊட்ல வந்து குந்திக்கினு ஒவ்வொரு வயரா கழட்டி மாட்னேனே..."

"அப்பவும் தெரியும்."

"டார்ச் புடிச்சியே?"

சுதாவால் தலையைத்தான் அசைக்க முடிந்தது. அழுதாள். சபீனா அவளைச் சமாதானம் செய்யவில்லை, திட்டவும் இல்லை. பூந்தமல்லி பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். பஸ் நகர்ந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுதா அங்கிருந்தே ஜானகிராமனுக்குப் போன் செய்து, அடுத்த கூட்டத்தில் கொஞ்ச நேரம் வேண்டும் என்று கேட்டாள். மறுபடி டாடா ஏஸ், மறுபடி அதே ஹால். மைக்கை வாங்கினாள். வயரிங் முழுக்கச் சபீனா செய்தது, அதில் ஒரு குறையும் இல்லை, ஆடம்பரத்துக்கு வேகத்தை ஏற்றிக் கெடுத்தது நான் என்றாள். வெறும் வாய்வார்த்தையாகப் போய்விடக் கூடாதென்று, கட்டரைக் கழற்றிவிட்டு, அதே வேகத்தை ஏற்றி ஓட்டிக் காட்டினாள். கரகர சத்தம் ஹால் முழுவதும் கேட்டது. பிறகு வேகத்தைக் குறைத்து ஓட்டினாள். யாரும் கைதட்டவில்லை. பின்னால் யாரோ, "அன்னிக்கி எல்லாம் நானேன்னு சொல்லுச்சே, அந்தப் பொண்ணுதான இது?" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. விழட்டும் என்று நின்றாள். கூசத்தான் செய்தது.

சபீனா வரவில்லை. கூட்டத்துக்கு வரச் சொல்லி சுதா அனுப்பிய மெசேஜைப் பார்த்திருந்தாள், பதில் இல்லை.

ஆனால் லோகநாயகி அன்றைக்கே சபீனாவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். வயரிங் வேலை சபீனாவின் பெயரிலேயே போனது. மோட்டார் வேலையைச் சுதாவிடமே கொடுத்தார். "வேலை தெரிஞ்சவ நீ. வாய அடக்கிக்கோ" என்றார். சுதா தலையைக் குனிந்துகொண்டாள்.

லோகநாயகியின் பட்டறையில் முதல் நாள். சுதா போனபோது சபீனா ஏற்கெனவே வந்து, வயர்களை நீளம் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அவள் கண்ணில் கோபம் இருக்கிறதா என்று சுதா தேடினாள். இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாங்க" என்றாள் சபீனா. "மோட்டார் எந்தப் பக்கம் வரும்னு சொல்லிட்டீங்கன்னா, நான் பேனல மாட்டிடுவேன்."

பாலிடெக்னிக் பெஞ்சிலிருந்து இந்த நாள்வரை அவள் சுதாவை 'டீ' போடாமல் கூப்பிட்டதில்லை.

"இடது பக்கம்" என்றாள் சுதா. சபீனா சரியென்று தலையசைத்துவிட்டு ட்ரில்லை எடுத்தாள்.