கடைசி முறைக்காரர்

…இல்லை, இந்த மனுசனுக்கு விசர்தான், வேறென்ன சொல்ல, குளிர்பெட்டியைத் திறந்தால் மட்டும் ஐஸைக் காண்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவர், சறுக்குச் சப்பாத்தை ஒருநாளும் காலில் மாட்டிப் பார்க்காதவர், ஒக்லாந்து முழுக்க ரக்பி ரக்பி என்று கத்திக்கொண்டிருக்க இவர் மட்டும் கனடாக்காரரின் ஐஸ் ஹொக்கிக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகம் வழித்து, இஸ்திரி போட்ட சேட்டும் போட்டுக்கொண்டு, பொம்பிளை பார்க்கப் போகிறவர் மாதிரித் தொலைபேசிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முகமா தெரியப்போகிறது, குரல்தானே… குசினியில் ரதிதேவி கணவாய் மீனின் தலையைப் பிடித்து இழுத்தாள், மைப்பை உடையாமல் முழுசாக வந்தது, அப்பாடா. மகள் பிரணவி காலையில் இதைப் பார்த்து முகத்தைச் சுளித்து, “மம், தட்ஸ் பெய்ட்” என்றுவிட்டுச் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள், ஓமடி பிள்ளை, இந்த ஊராருக்கு இது தூண்டிலில் குத்துகிற இரைதான், அவர்கள் தின்ன மாட்டோம் என்று விட்டபடியால்தானே எங்களுக்கு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது, வந்து ஒருவாய் தின்றுபார்த்தால் தெரியும். வெளியே மழை தூறி, விட்டு, திரும்பத் தூறியது. ஹோலில் அவளுடைய மனுசன் சபாரத்தினம் தொண்டையைச் செருமினார். அங்கே சனிக்கிழமை பின்னேரம், இங்கே ஞாயிறு மத்தியானம், இன்னும் அழைப்பு வரவில்லை.

வருசா வருசம் ஒக்டோபரில் இதே கூத்துத்தான். டொரொன்டோவில் இவருடைய அண்ணர் கதிர்காமநாதன் வீட்டு நிலவறையில் சொந்தக்காரர் எல்லாரும் வட்டமாக இருந்து, முறை வைத்து ஆளுக்கொரு ஹொக்கிக்காரனாகத் தெரிந்தெடுப்பார்கள், எடுபட்டவன் குளிர்காலம் முழுக்கப் போடுகிற கோலெல்லாம் எடுத்தவருடைய கணக்கில், வென்றவருக்குக் காசுமில்லை பரிசுமில்லை, அடுத்த ஒக்டோபர் வரைக்கும் மற்றவர்களை நக்கலடிக்கிற உரிமை மட்டும். போன வருசம் கடைசியாக வந்தவருக்கு இந்த வருசம் முதல் முறை, வென்றவருக்குக் கடைசி முறை. வென்றவர் ஆரென்று கேட்கவும் வேண்டுமா, இந்தா, ஒக்லாந்து மனுகாவிலே கணக்காளர் வேலை பார்க்கிற இந்த அப்பாவிதான், அதுவும் அடுத்தடுத்து மூன்று வருசம், ஹொக்கி மைதானத்துப் பக்கத்திலேயே குடியிருக்கிற அண்ணரோ அடிமட்டத்தில். எப்படியப்பா என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்துவிட்டாள், அன்றைக்குத் தொடங்கிய பிரசங்கம், கடைத்தொகுதிக் கார் பார்க்கிலும் ஓயவில்லை, படுக்கையிலும் ஓயவில்லை. அங்கே மெய்யான கழகங்களும் இப்படித்தானாம், ஒவ்வொரு ஆனி மாதமும் பதினெட்டு வயதுப் பெடியன்களை ஒரு பெரிய மண்டபத்தில் சுற்றுச் சுற்றாகக் கூப்பிட்டு எடுக்கிறதாம், முதல் சுற்றில் பெயர் கேட்டவனுக்குப் படமென்ன, மாலை மரியாதையென்ன, தாய்க்காரி அழுகிறதென்ன, ஒன்பதாம் சுற்று வரும்போது கதிரையெல்லாம் வெறுமையாகி மண்டபம் கூட்டுகிறவன் வந்துவிடுவானாம். “ஆனா ரதி, முதல் சுற்றிலை எடுத்தவங்களிலை பாதிப்பேர் ஒண்டுக்கும் உதவாமல் போறாங்கள். அதை ஒத்துக்கொள்ள வெக்கப்பட்டுக் கழகம் அவங்களையே திரும்பத் திரும்ப இறக்கும். ஒன்பதாம் சுற்றுக்காரனுக்கு அப்பிடி ஆர் பார்த்துக்கொண்டிருக்கினம்? நாலு வருசத்துக்குப் பிறகும் அவன் நிக்கிறானெண்டா, அவன்தான் சாமான்.” இந்த வருசத்துச் சாமானுடைய பெயர் வொண்ட்ராச்செக், ஒன்பதாம் சுற்றில் எடுபட்ட செக் நாட்டுப் பெடியன், கழகத்தின் ஆகத் திறமான ஆளுக்குப் பக்கத்தில் இவனை இறக்கப் போகிறார்களாம், கந்தோர் கொம்பியூட்டரில் வாசித்தாராம், டொரொன்டோவில் ஒரு குருவிக்கும் தெரியாதாம். ஒரு கிழமையாகச் சோற்றோடும் வொண்ட்ராச்செக், தேத்தண்ணியோடும் வொண்ட்ராச்செக். கண்காணாத ஒருவனைப் பற்றி இப்படி வாய் ஓயாமல் புகழ்கிற மனுசன் என்னைப் பற்றி என்றைக்காவது…

வேண்டாம், அது பழங்கதை. நல்ல மனுசன். விடிய எழும்பித் தேத்தண்ணி வைத்துத் தருகிறார், அவள் வேலைசெய்கிற சப்பாத்துக்கடை வாசலிலேயே கொண்டுபோய் இறக்குகிறார், குரல் உயர்த்தினது கிடையாது, பின்வளவில் தோடை மரம் காய்க்கிறது, பிள்ளை படிக்கிறாள், இந்த மழையும் இந்தப் பச்சையும் அவளுக்குப் பிடித்துவிட்டது, வேறு என்ன வேணும் ஒரு மனிசிக்கு? ஒன்றும் வேண்டாம். ஒன்றே ஒன்றைத் தவிர… கணவாயின் தோலை உரித்தாள், ஊதாநிறத் தோல் ஒரே இழுவையில் கழன்று வந்தது. கொழும்பிலே, வெள்ளவத்தையில், அவளுடைய சாதகம் முதலில் போனது கதிர்காமநாதனுக்குத்தான். மூத்தவருக்கு. பொருத்தமும் நல்ல பொருத்தம். அவளுடைய வீட்டுக்கு எதிர்வீட்டில் அறையெடுத்திருந்த தம்பியாரிடம், இந்த மனுசனிடம்தான், அண்ணர் கேட்டாராம், நீ தினம் பார்க்கிறாய்தானே, பெட்டை எப்படியென்று. தம்பியார் சொன்னாராம்… இதையெல்லாம் மரகதக்கா, கதிர்காமநாதன் பிறகு கட்டின பெண்சாதி, ஒரு கலியாண வீட்டில் பூக்கட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னது, மனதில் ஒரு கள்ளமுமில்லாமல், “உம்மட மனுசன்தான் உம்மை எங்கட ஆளுக்கு வேண்டாமெண்டு தடுத்தது, தெரியுமே? வாய்க்காரி, சமையலும் தெரியாது, சிரிச்சா றோட்டு முழுக்கக் கேக்குமெண்டு!” அண்ணர் வேண்டாமென்றார். ஒரு வருசம் கழித்து அதே சாதகம் தம்பிக்கு வந்தது, தம்பி ஓமென்றார். மரகதக்கா இதைச் சொன்னபோது அவள் கட்டி ஆறு மாதந்தான். சிரித்தாள், பூவைக் கட்டி முடித்தாள். பதினெட்டு வருசமாகிறது, ஒருநாளும் இவரிடம் கேட்கவில்லை. கேட்டு என்னத்தை அறிய? மூத்தவர் தள்ளிவிட்டதை இளையவர் எடுத்தார், அவ்வளவுதானே. எடுத்தவர் வஞ்சகமில்லாமல் வைத்திருக்கிறார். ஆனாலும் சந்தோசமாக இருக்கிற நேரத்திலேயே திடீரென்று அது வந்து குத்தும், மிச்சம் நான், மிச்சம்.

தொலைபேசி அடித்தது. சபாரத்தினம் இரண்டு மணியடிக்கவிட்டு எடுத்தார், எப்படித்தான் பொறுத்தாரோ, தாள்களைப் புரட்ட இரண்டு கையும் வேண்டுமென்று ஸ்பீக்கர் பொத்தானையும் அமத்தினார், டொரொன்டோ முழுக்க வீட்டுக்குள் வந்துவிட்டது. கதிர்காமநாதனின் மகன் பார்த்தீபன்தான் நடத்துகிறவன். தொடங்க முதலே அண்ணரின் பெரிய குரல், “டேய் தம்பி, ஒரு பேரம். என்ர முதல் முறையை உனக்குத் தாறன். ஆரை வேணுமெண்டாலும் எடு. உன்ர கடைசி முறைகளிலை மூண்டை எனக்குத் தா. ஒண்டுக்கு மூண்டு, நியாயந்தானே?” ரதிதேவியின் கை நின்றது, ஐயோ வாங்குங்கோவன், முதல் முறை கிடைத்தால் பயமில்லையே, நினைத்தவனை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. இவரோ, “வேண்டாமண்ணை, முதல் முறை பெயர் பெத்தவங்களுக்கு. எனக்குக் கிடைக்கிறது போதும்” என்றார், பச்சைப்பிள்ளை மாதிரி. ஒவ்வொருவராகப் பெரிய பெயர்களைச் சொல்லச் சொல்ல இவர் ஆகா நல்ல தெரிவு, ஆகா அவனோ என்று எல்லாருக்கும் பாராட்டுப் பத்திரம் வாசித்தார். இரண்டு சுற்று முடிந்து, மூன்றாவதும் முடிந்து… அப்போதுதான் பார்த்தீபன் சாதாரணமாகக் கேட்டான், “சித்தப்பா, வொண்ட்ராச்செக் எண்டொருத்தன் இருக்கிறான், அவன் எப்பிடி?”

போச்சு, பிடிபட்டுப் போனார். சபாரத்தினம் அசையவில்லை. “அவனோ?” என்றார், ஒரு கொட்டாவி வேறு, களவாணி மனுசன், அது உண்மைக் கொட்டாவியே இல்லை, “சும்மா போ தம்பி, அவன் வாய்க்காரன். றெஃபரியோட வாய்க்காட்டுறதுதான் வேலை. முழங்காலும் சரியில்லை. நானெண்டா தொடமாட்டன்.” கத்தியைக் கீழே வைத்தாள். வாய்க்காரன். இந்தக் குரலை அவள் ஒருநாளும் கேட்டதில்லை, ஆனால் தெரியும்… இந்தக் குரலில்தான் சொல்லியிருக்க வேண்டும், எதிர்வீட்டு அறையில் இருந்துகொண்டு, இதே கொட்டாவியோடு, அந்தப் பெட்டையோ, வாய்க்காரி, நானெண்டா… அட கடவுளே. ஒரு கிழமையாகச் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் புகழ்ந்த ஒருவனை இப்படிச் சொல்லக்கூடிய மனுசன், அப்படியென்றால் அன்றைக்கும்? மூத்தவர் இருக்க இளையவர் எப்படி வாய்திறந்து கேட்பது, முறை அவருடையதில்லையே, தன்னுடைய முறை வரும்வரைக்கும் ஒருவரும் தொட்டுவிடக் கூடாதென்றால் என்ன செய்வது, பழுது சொல்ல வேண்டியதுதானே! சிரித்தால் றோட்டு முழுக்கக் கேட்குமாம். றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவருக்கல்லவோ தெரியும். ரதிதேவிக்கு முகமெல்லாம் சூடாகியது, சிரிப்பு வந்தது, கணவாய்க் கையோடு வாயைப் பொத்தப் போய் மூக்கில் மை பூசிக்கொண்டாள். நாற்பது வயதுப் பொம்பிளைக்கு இந்தச் சந்தோசம் தேவையா? தேவைதான், ஏன் தேவையில்லை! மிச்சமில்லை நான், மிச்சமேயில்லை, பதினெட்டு வருசமாக மடைச்சி மாதிரி…

“நாலாம் சுற்று. அப்பா, உங்கட முறை” என்றான் பார்த்தீபன். கதிர்காமநாதன் மெதுவாகத் தொடங்கினார், “டேய் தம்பி, முதல் முறையைத் தாறன் எண்டும் வேண்டாமெண்டாய். ஆரைச் சொன்னாலும் ஆகா ஆகா எண்டாய். இவன் ஒருத்தனைத்தான் இவ்வளவு மினக்கெட்டுப் பழுது சொன்னனி. உன்ர வாயை நம்பி நான் எத்தினை பேரைக் கைவிட்டிட்டன், எனக்கு இப்பதான் விளங்குது. பார்த்தீபன், எழுது. வொண்ட்ராச்செக்.” நிலவறையே வெடித்துச் சிரித்தது. அவள் கதவுநிலையில் நின்று பார்த்தாள். சபாரத்தினம் தாளை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார், “சரியண்ணை, நல்லா விளையாடட்டும்” என்றார், குரலில் ஒன்றுமேயில்லை, கழுத்து மட்டும் சேட்டுக் கொலருக்குள் கொஞ்சம் தாழ்ந்துபோயிற்று. அவ்வளவுதான். அவ்வளவேதானா? ரதிதேவியின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கும் அண்ணருக்கு விளங்கியிருந்தால்… வாய்க்காரியென்றால் பரவாயில்லை, ஓம் என்று சொல்லியிருந்தால்? அவள் இப்போது டொரொன்டோவில் பனி தள்ளிக்கொண்டிருப்பாள், பிரணவி என்று ஒருத்தி இருந்திருக்க மாட்டாள், இவர் இப்படியே ஒரு தாளை மடித்து, சரியண்ணை, நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாரா? ஒரு நூலிழையில் அல்லவா தப்பியிருக்கிறேன், அதுவும் அண்ணரின் புண்ணியத்தில்.

மற்றவர்கள் எடுக்கிற இடைவெளியில் சபாரத்தினம் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தார். “கையை விட்டுப் போட்டுது” என்றார், பாவமாக. பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது, கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது, இரண்டு அறை கொடுக்கலாம் போலவும் இருந்தது.

“அண்ணர் முதல் முறையைத் தாறனெண்டு கேட்டவர்தானே? வாங்கி, அவனையே முதலாவதா எடுத்திருக்கலாமே?”

“முதல் முறையிலை ஒன்பதாம் சுற்றுக்காரனையோ? எல்லாரும் சிரிப்பினமப்பா.”

“சிரிச்சாச் சிரிக்கட்டுமே. வேணுமெண்டா வேணுமெண்டுதானே கேக்கோணும்” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் அவள் வாய்க்காரிதானே, “வெள்ளவத்தையிலும் அப்பிடிக் கேட்டிருக்கலாம்.”

சபாரத்தினத்தின் கையில் இருந்த கிளாஸ் பாதிவழியில் நின்றது. அவளைப் பார்த்தார், மூக்கில் இருந்த மையைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். “ஆர் சொன்னது உமக்கு? மரகதக்காவோ? …எப்ப?”

“கட்டின வருசமே.”

அவர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். இவ்வளவு காலமும் இதை வைத்துக்கொண்டா எனக்குச் சோறு போட்டாய் என்று முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. அவளுக்குக் கோபம் இல்லை, உண்மையாகவே இல்லை, ஒரு பெரிய பாரம் இறங்கி உடம்பே இலேசாக இருந்தது, இந்த மனுசன் என்னை விரும்பினார், அது தெரிந்துபோயிற்று, அது போதும்… போதும்தானா? எவ்வளவு விரும்பினார்? அண்ணர் ஓமென்றிருந்தால் வாயைத் திறக்கும் அளவுக்கா? இது இன்றைக்குக் காலைவரை அவளிடம் இல்லாத கேள்வி.

“அண்ணர் என்னை எடுத்திருந்தா என்ன செய்திருப்பியள்?” என்று கேட்டாள்.

“சித்தப்பா,” ஹோலுக்குள் இருந்து பார்த்தீபன் கூப்பிட்டான், “உங்கட முறை. சித்தப்பா? லைனிலை நிக்கிறியளோ?” ஆரோ சிரித்தார்கள். “சித்தப்பா, கடைசி ஆள் நீங்கள்தான், உங்களுக்காகத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறம்.”

சபாரத்தினம் எழும்பவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வாங்கோ என்று சொல்லலாம், மற்ற நாளென்றால் சொல்லியிருப்பாள், இன்றைக்கு ரதிதேவி வாயைத் திறக்காமல் நின்றாள்.