கப்பித்தான் கல்

ஆறாவது கல்லுக்கு மட்டும் மஞ்சள் பூசாமல் விட்டிருந்தால் சடையாண்டி அந்த வாரமே உட்கார்ந்திருப்பான்.

உட்காருவது என்றால் சும்மா இல்லை. மலாக்கா ரோட்டு வேலையில் இருபத்தேழு வருஷம் நின்றவன் அவன். தார் காய்ச்சும்போது நின்றான், ஜல்லி கொட்டும்போது குனிந்தான், இரண்டும் இல்லாத நேரத்தில் தூக்கினான். ஆபீஸ் வாசலில், கெத்தாப்பாங் மரத்தடியில், காவல்கார ஜாகாவுக்கென்று ஒரு ஸ்டூல் கிடந்தது. நடுவில் பிரம்புப் பின்னல், ஒரு மூலை கொஞ்சம் பிய்ந்தது. காவலுக்கு இருந்த கிழவர் ஊருக்குக் கப்பலேறியதிலிருந்து அது காலியாகவே கிடந்தது. காலையில் மண்வெட்டி எடுக்கப் போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் திரும்ப வைக்கும்போது ஒரு தடவை சடையாண்டி அதைப் பார்த்துக்கொள்வான். தொட்டுப் பார்த்ததில்லை.

இங்கிலீஷ் ராஜாவுக்கு வெள்ளி விழா வந்த வருஷம் அது. ஊரில் பழைய சங்கதி நடந்த இடத்திலெல்லாம் எழுத்து வெட்டிய கல் நட வேண்டும் என்று ஒரு துரை கிளம்பினார். ஒல்லியான மனிதர். ஒரு கையில் குடை, ஒரு கையில் வரைபடம். இரண்டும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை.

"மொத்தம் ஆறு கல்லுடா," என்றார் கூலிகளை மேய்க்கும் அருளாந்து மண்டோர். "நீயும் காத்தமுத்துவும் நட்டு முடிங்க. முடிச்ச மறுநாள் அந்த ஸ்டூல் உனக்கு. துரை தன் வாயால சொல்லிட்டாரு."

"எந்த ஸ்டூல் மண்டோர்?"

"தெரியாத மாதிரி கேக்குறான் பாரு. தினம் அதத்தானடா மொறச்சிக்கிட்டுப் போற!"

ஐந்து கல் வம்பில்லாமல் இறங்கியது. பழைய வாசல் இருந்த இடத்தில் ஒன்று, பழைய கிணறு இருந்த இடத்தில் ஒன்று, என்ன இருந்தது என்று சடையாண்டிக்கு விளங்காத இடங்களில் மூன்று. ஆறாவதுதான் கப்பித்தானுடைய கல். ஒல்லாந்துக்காரன் காலத்துச் சண்டையில் ஒரு பட்டாளத்துக் கப்பித்தான் விழுந்து செத்த இடமாம். துரை காஜா பேராங் ரோட்டில், செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்குத் திரும்பும் முக்கில், சாலை மரத்தடியில், எட்டு வைத்து எண்ணி நடந்து, குடை நுனியைத் தரையில் குத்தி, "சினி," என்றார். இங்கேதான் என்று அர்த்தம். அப்படியே போய்விட்டார்.

மண்ணில் கடப்பாரை போடும் முன்பு ஒரு சின்னக் கல்லை நிறுத்தி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் காட்டுவது இவர்கள் வழக்கம். வேலை முடிந்ததும் அந்தக் கல்லை ஓரமாக வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு என்ன கஷ்டகாலமோ, வெள்ளி விழாவுக்காக ரோட்டையே கூட்டித் துடைத்து வைத்திருந்தார்கள். கைக்கு ஒரு கல் அகப்படவில்லை.

"எதுக்குத் தேடிக்கிட்டு?" என்றான் காத்தமுத்து. "இந்தா இம்மாம் பெருசா ஒண்ணு நிக்குது."

சடையாண்டிக்கும் அது சரியாகத்தான் பட்டது. கப்பித்தான் கல்லுக்கே மஞ்சள் பூசினார்கள். எழுத்துக்கு மேலே ஒரு பொட்டு, தலையில் ஒரு செம்பருத்தி. சூடம் காட்டினார்கள். பிறகு குழி தோண்டி, கல்லை இறக்கி, சிமிந்தி போட்டு இறுக்கினார்கள். மஞ்சளைக் கழுவச் சடையாண்டிக்குக் கை வரவில்லை. கும்பிட்ட கையால் எப்படிக் கழுவுவது?

மறுநாள் கல்லுக்கு ஒரு மல்லிகைச் சரம் வந்திருந்தது. அடுத்த நாள் விளக்கு. எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாய் பேசப் பழகிவிட்ட செட்டிக் குடும்பத்துப் பெண்கள் கபாயா ரவிக்கையும் சாரோங்குமாக வந்து சுற்றிக் கும்பிட்டார்கள். சாமி யார் என்பது தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரச் சாமிக்கு என்ன படைப்பது என்பதுதான் தெரியவில்லை. எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த உமர் நானாவைக் கேட்டார்கள்.

"அவனுக்குப் பொங்கல் எதுக்கு? ரொட்டி வைங்க, சுருட்டு வைங்க," என்றார் அவர். சொன்னவர் கடைக்கு முன்னால் புதிதாக இரண்டு பெஞ்சும் போட்டார்.

"என்ன நானா, நீங்களுமா?" என்றான் காத்தமுத்து.

"நமக்கு இதெல்லாம் ஆகாதுப்பா. ஆனா கும்பிட வர்றவனுக்குத் தாகம் எடுக்குமில்ல?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துரை வந்தார். வருகிற திங்கட்கிழமை கல்லுக்குத் திறப்பு விழா. கொடியெல்லாம் தைத்தாகிவிட்டது. அவர் கண்ணில் பட்டதோ மஞ்சள் கல், மல்லிகை, பிஸ்கட், புகைந்துகொண்டிருக்கும் சுருட்டு. அவர் முகம் செம்பருத்தியை விடச் சிவந்தது. துரை வாயைத் திறந்தார்.

அவர் கத்தும் முன்பே மரத்தடியில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த மீனாச்சி நோன்யாவின் கரண்டி கீழே விழுந்தது. ஐம்பது வயசுச் செட்டிப் பெண், சாது. கண் மேலே செருகியது. குதிகால் இரண்டும் டக்கென்று சேர்ந்தன. பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்து நின்று, துரைக்கு ஒரு சலாம் அடித்து, ஆண்குரலில், மலாயில் சொன்னாள்:

"புக்கான் சினி! இங்கே இல்லை! நான் செத்தது இங்கே இல்லை! கடல் சத்தம் கேட்ட இடம்!"

ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. துரை கத்த வந்ததை விழுங்கிவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"கப்பித்தான் அவர்களே, அது எந்த வருஷம்?"

"வருஷம் யாருக்குத் தெரியும்? எனக்கு வயிற்றுக் கடுப்பு!"

துரையின் பென்சில் நின்றது. அவர் படித்த பழைய தாள் ஒன்றில், அந்தப் படையில் பாதிப் பேருக்கு வயிற்றுக் கடுப்பு என்று எழுதியிருந்ததாம். அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லையாம். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

திங்கட்கிழமை விழா நடக்கவில்லை. புதன்கிழமை மண்டோர் வந்தார்.

"விழாக் கமிட்டி கூடிச்சாம்டா. மத்தவங்க எல்லாம் புத்தகத்துல படிச்ச சாட்சியாம். கப்பித்தான் நேர்ல பாத்த சாட்சியாம். கல்லைப் பேத்து எடு."

"அப்ப ஸ்டூலு?"

"கல்லு நெலச்சாத்தான் ஸ்டூலு."

சிமிந்தியை உடைத்து, சங்கிலி போட்டு, கழியில் கோத்து, இருவரும் தோளில் வைத்துக் கல்லைத் தெங்கேரா ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அலை காலடியில் கேட்கும் இடம். ஊரும் பின்னாலேயே நடந்தது. உமர் நானாகூட ஒரு பெஞ்சைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். மீனாச்சியும் அப்பச்சட்டியோடு போனாள். வியாபாரம் அங்கேதானே?

அடுத்த வெள்ளிக்கிழமை அங்கேயும் கரண்டி விழுந்தது. கடல் ஈரம் எலும்பில் இறங்குகிறது, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோ என்றார் கப்பித்தான். துரை வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். ஆற்றங்கரையில் பழைய பீரங்கி மேடு ஒன்று இருந்திருக்கிறது. சரியாகத்தான் சொல்கிறார்! கல் ஆற்றங்கரைக்குப் போனது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, மீன் நாற்றத்தில் தூக்கம் இல்லை, முதலில் வைத்த இடத்தில் மரநிழலாவது இருந்தது என்றார் கப்பித்தான். அதற்கும் வரைபடத்தில் ஒரு கோடு அகப்பட்டது.

சடையாண்டியால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே போய் மீனாச்சி முன்னால் நின்றான்.

"நோன்யா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். அந்த மனுசன ஒரு எடத்துல நிக்கச் சொல்லு."

"நான் என்ன செய்ய, அபாங்?" என்றாள் அவள். அவள் பேசியது மலாய்தான்; அபாங் என்றால் அண்ணன். தமிழில் அவளுக்குச் சாமி பெயரும் சாப்பாட்டுப் பெயரும்தான் தெரியும். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. முழிச்சுப் பாத்தா அப்பம் கருகிக் கெடக்குது. மூணு வெள்ளிக்கிழமை மாவு வீண். அந்த ஆளை நீயே வச்சுக்க!"

அந்தக் கடைசிப் பேச்சைச் சடையாண்டி பிடித்துக்கொண்டான். ஏன் கூடாது? வருகிற வெள்ளிக்கிழமை கப்பித்தான் தன் மேல் இறங்கட்டும். காத்தமுத்து அவனைத் தார்க் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திப் பழக்கினான்.

"குதிகாலச் சேத்து வை. கண்ண மேல ஏத்து. இன்னும் மேல. யோவ், கெணத்துல விழுந்த ஆடு மாதிரி முழிக்கிற!"

"என்ன பேசணும்?"

"மலாயில சொல்லு. இதுதான் என் இடம். இனி அசைக்காதே. என்னைத் தூக்கி வந்தவனுக்கு ஸ்டூல் கொடு."

"ஸ்டூலுக்கு மலாயில என்ன?"

"பங்கு."

மூன்று நாள் அதையே மனப்பாடம் செய்தான். தார் கிண்டும்போதும் வாய் முணுமுணுத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். காஜா பேராங் முக்கு. அதே மரம், அதே குழி. துரை நோட்டோடு நின்றார், ஊர் கும்பிட்டு நின்றது. கல்லைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுச் சடையாண்டி நிமிர்ந்தான். இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. கண்ணைச் செருக வேண்டிய வேலையே வரவில்லை. தானாகச் செருகியது. வாயைத் திறந்தான். மனப்பாடம் செய்த மலாய் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"எதுக்குடா என்னை நிக்க வைக்கிறீங்க?" என்று வந்தது. முழுக்கத் தமிழ். "யாரோ சொன்னான்னு கப்பலேறி வந்தேன். வந்த நாள்லேர்ந்து நிக்கிறேன். வெயில்ல நின்னேன், மழையில நின்னேன். இங்க நில்லுங்குறான், அங்க நில்லுங்குறான். ஒருத்தனாவது உக்காருன்னு சொன்னானா? போதும்டா. என்னைப் படுக்கப் போடுங்கடா."

ஊர் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. காத்தமுத்து மட்டும், "பங்கு, பங்கு," என்று கிசுகிசுத்தான்.

துரைக்கு மண்டோர் அதை மலாயில் எடுத்துச் சொன்னார். துரை எழுதிக்கொண்டார். எழுதியவர் புருவத்தைச் சுளித்தார்.

"கப்பித்தான் ஏன் தமிழ் பேசுகிறார்?"

மண்டோர் ஒரு கணம்தான் யோசித்தார். "முந்நூறு வருஷமா இந்த ஊர்லயே கெடக்காரு, துரை. கத்துக்கிட்டிருப்பாரு."

"நாங்க அவருக்கு முன்னாடியே வந்தவங்க," என்றாள் மீனாச்சி அடுப்படியிலிருந்து. "எங்களுக்கே தமிழ் வரல."

துரை அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. செத்தவன் எங்கேயாவது நிற்பானா? இத்தனை நாளும் இடம் தப்பில்லை, நிறுத்தி வைத்ததுதான் தப்பு. அதைத்தான் அந்தப் பாவப்பட்ட கப்பித்தான் வாரா வாரம் சொல்லப் பார்த்திருக்கிறார்! கல்லைப் படுக்க வைக்க உத்தரவாயிற்று. மழைத்தண்ணீர் ஏறாமலிருக்க முழங்கால் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, அதன் மேல் கல்லை மல்லாத்திச் சிமிந்தி பூசினார்கள். திங்கட்கிழமை கொடி ஏறியது. கமிட்டி கைதட்டியது. பிஸ்கட் எல்லாருக்கும் வந்தது.

கூட்டம் கலைந்ததும் சடையாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டோரிடம் போனான்.

"ஆறும் முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சு. உன்னை ஜாகாவாப் போட்டாச்சு. துரை கையெழுத்தே போட்டுட்டாரு."

"அப்ப நாளைக்கு ஆபீஸ் வாசலுக்கு வந்துரவா?"

மண்டோர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அந்த வாசலுக்குப் போன வாரமே வேற ஆளு வந்துட்டான்டா. எத்தன நாளுதான் காலியாப் போடுவாங்க? ஒனக்கு இங்கதான் காவல். கல்லு படுத்திருக்குல்ல, மாடு ஏறிரும்னு துரை பயப்படுறாரு."

"ஸ்டூலு?"

"ஸ்டூலு அவன்கிட்ட இருக்கு."

மண்டோர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். சடையாண்டி நின்றான். மறுநாளும் நின்றான். மாடு ஒன்றும் வரவில்லை. மரத்தில் சாய்ந்தால் எறும்பு கடித்தது. உமர் நானாவின் பெஞ்சில் உட்காரலாம் என்றால் தேத்தண்ணி குடிக்க வந்தவர்களுக்கே இடம் போதவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லைப் பார்த்தான். முழங்கால் உயரம். மேலே வழவழப்பு. பகல் வெயில் இன்னும் அதில் கதகதவென்று இருந்தது. இருபத்தேழு வருஷ இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. அக்கம்பக்கம் பார்த்தான். மல்லிகைச் சரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஒரு பக்கமாக வைத்தான்.

"கப்பித்தானே," என்றான் மெதுவாக, "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்க."

உட்கார்ந்தான். பாதி உடம்பைத்தான் முதலில் இறக்கினான். கண் மீனாச்சியின் கரண்டி மேலேயே இருந்தது.

அவள் அப்பத்தைத் திருப்பிப் போட்டாள். இன்னொன்று ஊற்றினாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"என்ன அபாங்?"

"ஒண்ணுமில்ல நோன்யா," என்றான் சடையாண்டி. மீதி உடம்பையும் இறக்கினான்.