பொட்டலத்தில் இருக்கும் இரண்டாவது வேஃபர்

1.

ஒருவனைக் கெட்டவனாகக் காட்டத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மிஸ் அடீல், அடிக்கடி தின்கிற ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதி வரச் சொன்னார். மற்றவர்கள் சோளரொட்டி, பீன்ஸ் சூப் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கள் மர மில்லில் காசு போட்டால் தானியங்கிப் பெட்டியில் விழுகிற கடலை வெண்ணெய் வேஃபர் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். காரணம் ருசி இல்லை. கூட வேலை செய்கிற லானி.

முதல் தொடக்கம்: "லானி ஒரு பாம்பு." அடித்துவிட்டேன். பாம்புகள் எனக்கு ஒன்றும் செய்ததில்லை.

இரண்டாவது: "வேஃபர் என்பது" — என்ன என்பது? ஐம்பத்திரண்டு வயதில் எழுதக் கற்றவன் இப்படித் தொடங்கினால் அவனுக்கே சிரிப்பு வரும்.

மூன்றாவது நிற்கட்டும்: ஒரு பொட்டலத்தில் இரண்டு இருக்கும்.

2.

மில்லில் சங்கிலி இழுத்து வரும் ஈரப் பலகையை இரண்டு பேராகத் தூக்கி அடுக்க வேண்டும். ஒரு முனை ஹோபர்ட், மறுமுனை நான். பத்தொன்பது வருஷம். (என் இடது தோள் இன்றைக்கும் அவன் உயரத்துக்குத்தான் ஏறி நிற்கிறது.)

நான் சேர்ந்த முதல் நாள். பத்து மணிக்கு இடைவேளை மணி அடித்தது. ஹோபர்ட் மஞ்சள் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து ஒன்றை நீட்டினான்.

"தின்னுப் பாரு, வெர்லின்."

"இனிப்பு எனக்கு ஒத்துக்காதுப்பா."

"யாரு சொன்னா, டாக்டரா? புடிய்யா. ரெண்டையும் நானே தின்னா மத்தியானம் பலகைக்கு அடியிலயே படுத்துடுவேன்."

கதவுக்கு அடித்த மலிவுப் பெயிண்ட் போல மெல்லிய சாக்லேட் பூச்சு. உள்ளே நொறுங்குகிற அடுக்குகள். நடுவில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிற கடலை வெண்ணெய். விரலில் இருந்த பைன் பிசினும் சேர்ந்து கொஞ்சம் கசந்தது. நான் ஒவ்வோர் அடுக்காகப் பல்லால் உரித்துத் தின்றேன்.

"வீட்டுச் சுவத்துல ஒட்டுன காகிதத்தையா உரிக்கிற?" என்றான்.

நாங்கள் உட்காரும் மேசைக்கு மேலே அறிவிப்புப் பலகை. ஹோபர்ட் வாய் நிறைய வேஃபரோடு, தனக்குத்தானே முனகுவது போல அதில் இருப்பதையெல்லாம் படிப்பான். எந்த இயந்திரம் பழுது, யாருக்கு எந்த ஷிப்ட். எனக்குப் படிக்கத் தெரியாது என்று நான் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. ஏதாவது படிவம் வந்தால், "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்" என்பேன். அவன் வாங்கிப் படிப்பான். அத்தனை வருஷமும் என் வீட்டில் மூக்குக் கண்ணாடியே கிடையாது.

3.

என் முதல் தவறு இந்தப் பகுதியில் வருகிறது. சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

மிஸ் அடீலிடம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும், ஒரு நாள் பத்து மணிக்கு அந்தப் பொட்டலத்தை எடுத்து ஹோபர்ட்டுக்கே வாசித்துக் காட்டினேன். கோதுமை மாவு, சர்க்கரை, நிலக்கடலை, உப்பு. கடைசியில் இருந்த நீளமான பெயர்களைக்கூட விடவில்லை. அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான்.

"சரிதான். இனிமே உனக்கு நான் எதுக்கு?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். (இங்கே நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன். "நீ எனக்கு" என்பதோடு நின்றுவிட்டது.)

அடுத்த மாதம் லானி வேலைக்கு வந்தான். இரண்டாவது வேஃபர் அவனிடம் போனது.

லானியை எப்படி எழுதுவது? அழகன் என்று எழுதினால் என் வயிற்றெரிச்சலுக்கு ஒரு நியாயம் கிடைக்கும். ஆனால் நாற்பது வயதிலேயே அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை. சோம்பேறி என்றால் பொய். அவன் வேஃபரைக் காப்பியில் முக்கித் தின்றான், அதையாவது எழுதலாம். சாக்லேட் கரைந்து காப்பியில் எண்ணெயாக மிதக்கும். அதைப் பார்த்தபோது, பத்தொன்பது வருஷத்தையும் எடுத்துக் காப்பியில் முக்குகிறான் என்று தோன்றியது. ஹோபர்ட்டோ அவன் பக்கம் சாய்ந்து வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தான். மேசையின் மறுகோடியில் நான் என் சொந்தப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டையும் நானே தின்றேன்.

4.

வாரம் ஒருமுறை ரம்பத்தை நிறுத்திச் சுத்தம் செய்வோம். உள்ளே போகிற ஒவ்வொருவனும் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டுப் போவான். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் ரம்பம் ஓடும். பூட்டுகள் எல்லாம் ஒரே சிவப்பு. தொங்குகிற அட்டையில் இருக்கும் பெயர்தான் வித்தியாசம்.

லானியின் பூட்டு வளையத்தில் ஒரு மஞ்சள் சுருள் இருந்தது. பொட்டலத்தில் கிழித்த துண்டு.

முன்பு என் பூட்டிலும் அது இருந்தது. ஹோபர்ட்தான் சுற்றிவிட்டான், "உன்னுது அழகா இருக்கட்டும்" என்று. என் பெயரைப் படிக்கத் தெரிந்த அன்று நானே அவிழ்த்துப் போட்டேன்.

லானிக்கும் படிக்கத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரக்கம் வந்தது என்று எழுதியிருந்தேன். பொய், அடித்துவிட்டேன். வந்தது பொறாமைதான். நான் வாரம் தவறாமல் வகுப்புக்குப் போய்த் தொலைத்துவிட்டு வந்த ஒன்றை இவன் முழுசாக வைத்திருக்கிறான்.

யாரும் பார்க்கவில்லை. சுருளை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

5.

சுத்தம் முடிந்து முதலில் வெளியே வந்தவன் லானி; பின்னாலேயே நானும் சிலரும். எட்டுப் பூட்டுகள் தொங்கின. மஞ்சளைத் தேடினான். பிறகு ஒரு பூட்டில் சாவியைப் போட்டான். திறக்கவில்லை. அடுத்தது. அடுத்தது. அவன் கழுத்து சிவந்தது.

மேஸ்திரி பார்த்துவிட்டார். "என்னய்யா, கொட்டை எழுத்துல இருக்கு. ஒம் பேரே ஒனக்குத் தெரியாதா?"

முடிவு ஒன்று: நான் பாய்ந்து போய் அவனைக் காப்பாற்றுகிறேன். (மிஸ் அடீலுக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: ஹோபர்ட் வந்து என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சளைப் பார்த்து ஓங்கி ஒன்று விடுகிறான். (எனக்குப் பிடிக்கும். கணக்குத் தீர்ந்துவிடும்.)

நடந்தது இது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது லானி மேஸ்திரியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பாதி வாழ்நாள் நான் அதைத்தான் முகத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

"கண்ணாடிய எடுத்துட்டு வரலியா, லானி?" என்றேன்.

ஒரு கணம் புரியவில்லை அவனுக்கு. பிறகு, "ஆமாண்ணே. மறந்துட்டேன்" என்றான்.

"ஆறாவது உன்னுது."

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அதற்குள் ஹோபர்ட் வந்திருந்தான். மொட்டையாக இருந்த பூட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

பத்து மணிக்கு ஹோபர்ட் கொடுத்த வேஃபரை லானி காப்பியில் முக்கவில்லை. எழுந்து மேசையின் மறுகோடிக்கு வந்து என் முன்னால் வைத்தான்.

"இந்தாண்ணே. கண்ணாடிக்கு."

6.

அதை நான் தின்னவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எழுதுகிற தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூலையில் சாக்லேட் வெளுத்துவிட்டது.

மிஸ் அடீலுக்கு நானும் சோளரொட்டியைப் பற்றியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இந்தத் தாள்களைச் சுருட்டி, அந்த மஞ்சள் சுருளாலேயே கட்டி, நாளை ஹோபர்ட் உட்காரும் இடத்தில் வைக்கப் போகிறேன். இதில் இருப்பது லானிக்குத்தான் தெரிய வேண்டும். அவனால் படிக்க முடியாது. ஹோபர்ட்தான் படித்துக் காட்ட வேண்டும். வாயில் வேஃபரோடு, முனகலாக. நான் சுருளை அவிழ்த்த நான்காம் பகுதியை அவன் எனக்காகத் தாண்டிவிடக்கூடும். அப்படிச் செய்கிற ஆள்தான் அவன்.

அதனால் முடிவு என் கையில் இல்லை. உங்களுக்குப் படிக்கத் தெரிகிறது. நீங்களே ஹோபர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி. பக்கத்தில் லானி, காப்பி ஆறுகிறது. மறுகோடியில் நான், அறிவிப்புப் பலகையைப் படிப்பது போலப் பாவனை செய்கிறேன். பொட்டலத்தைக் கிழித்தாயிற்று. உள்ளே இரண்டு.

மூன்றாம் பகுதி முடிந்துவிட்டது. தாளைத் திருப்புகிறீர்கள்.