எதற்கு என்ற கட்டம்

...இல்லை, தர ஏலாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான், ஏன் என்று கேட்பார்கள், கேட்கட்டும், கேட்கத்தானே வேண்டும், அதற்காகத்தானே புஸ்பராணி இந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் சீலை மாற்றிக்கொண்டு முன்பள்ளி மண்டபத்துக்கு வந்து, நாலு வயதுப் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருக்கிறாள். ஒழுங்கையில் பதினாலு வீடு, எல்லாரும் ஒன்றுசேர்ந்து வெயிலில் மின்சாரம் எடுத்து, பெரிய பற்றரி ஒன்றில் சேர்த்துவைத்து, வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொள்வதாம். நல்ல காரியந்தான், யார் இல்லையென்றது? ஆனால் வெயில் பிடிக்கிற அந்தத் தகடுகளை எங்கே வைப்பதாம்? வேம்பும் மாவும் நிழல் விழுத்துகிற ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே, கூரைக்கு மட்டமாய்க் கொங்கிறீற் தட்டுப் போட்ட வீடு அவளுடையது ஒன்றுதான். மேலே மாடி எழுப்பி மகள் பிரியதர்சினிக்குச் சீதனமாய்க் கொடுப்பதற்கென்று கனகரத்தினம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் கட்டியது, மாடியும் எழும்பவில்லை, மனிசனும் இல்லை, துருப்பிடித்த கம்பிகள்தான் நிற்கின்றன, இப்போது அந்தத் தட்டு ஊருக்கே வேண்டுமாம்...

வேண்டும் என்று கேட்டு வந்தவன் யார்? முன் வரிசையில் இருக்கிறானே இன்ஷாப், பக்கத்து வீட்டு மீன் முதலாளி, அவன்தான். "ஒங்கட தட்டு இல்லாட்டி இந்த வேல நடக்காதக்கா" என்று போன கிழமை கேற்றடியில் நின்று சிரித்தான். எப்படிச் சிரிக்க வருகிறது இவனுக்கு? மறந்துவிட்டானா, இல்லை மறந்ததுபோலத் திரிகிறானா... மூன்று வருடத்துக்கு முந்திய பங்குனிக் கடைசி, ஒரு நாளில் பாதிக்கு மேல் கறண்ட் இல்லை, பெற்றோல் இல்லாமல் ஓட்டோக்கள் வரிசையில் கிடந்தன, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் கிடையாது. மத்தியானம் இரண்டு மணி, கனகரத்தினத்துக்கு முட்டு, அந்த மூச்சிழுப்பு வருத்தம், எடுத்துவிட்டது, நெஞ்சு மேலும் கீழுமாய் அடிக்கிறது, ஆவி பிடிக்கிற நெபுலைசர் மெஷின் இருக்கிறது, மருந்து இருக்கிறது, கறண்ட்தான் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்ஷாப்பின் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடுகிறது, மீன் பிறீசருக்காக. ஓடிப்போய் ஒரு வயர் கேட்டாள். "பிறீசருக்கே காணாம நிக்கிதக்கா, குறை நினைக்காதீங்க" என்றான். நாலரைக்கு அவர் போய்விட்டார், ஐந்து மணிக்குக் கறண்ட் வந்தது, வந்து என்ன செய்ய?

அதைவிடக் கொடுமை அடுத்த நாள். அதே ஜெனரேட்டரை அவனே வேர்த்து வழியத் தள்ளிக்கொண்டு வந்து செத்த வீட்டு வாசலில் வைத்தான், மூன்று நாளும் தன் பெற்றோலையே ஊற்றி ஓட்டினான், பிறீசர் மீன் முழுக்கப் பழுதாய்ப் போனது என்று யாரோ சொன்னார்கள், என்ன தங்கமான பிள்ளை என்று எல்லாரும் மூக்கில் விரல் வைத்தார்கள். உயிரோடு கிடந்த மனிசனுக்கு ஒரு வயர் இல்லை, பிணத்துக்கு ஜெனரேட்டரா? அன்றே கத்தியிருக்க வேண்டும், மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தி வீட்டார் குச்சவெளியிலிருந்து வந்து பந்தலுக்குள் இருந்தார்கள், வாயைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்குக் கட்டமாட்டாள். நான் கேட்டனான், நீ தரேல்லை... மூன்று வருடமாய்க் குசினியிலும் கிணற்றடியிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம், நாக்கு நுனியில் நிற்கிறது.

தெருவில் ஆடுமாடுபோலத் திரிகிற மான்களில் கதவடிக்கு வந்து நின்ற ஒன்றைச் சூ என்று கலைத்துவிட்டு, சங்கத்துச் செயலாளர் கீர்த்தனி படிவத்தை வாசிக்கிறாள், பாங்கில் வேலை செய்கிற பிள்ளை, எல்லாம் திருத்தமாய்ச் சொல்லும். "மழை நாளில பற்றரி குறைஞ்சா ஆருக்கு முதல் குடுக்கிறது எண்டு முடிவெடுக்கோணும். அதால சும்மா கறண்ட் வேணும் எண்டு எழுத ஏலாது. எதுக்கு எண்டு இந்தக் கட்டத்தில உண்மையா எழுதுங்கோ." உடனே இன்ஷாப் எழும்புகிறான். "எங்கட உம்மாக்கு முட்டு, நெபுலைசர் மெஷின் இல்லாட்டி மூச்சு நிண்டுரும், அதுக்கு மட்டும் முதல் தாங்க, பிறீசர் கிடந்து போகட்டும்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். அவன் உம்மா உம்மு குல்சுமுக்குத்தான் முதல் என்று மற்றப் பன்னிரண்டு வீடும் தலையாட்டுகிறது, ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பில்லை.

இப்படியா, நாலு பேர் முன்னால், பட்டென்று? அவனுக்கும் கல்யாணத்துக்கு நிற்கிற மகள் இருக்கிறாள்தானே, றிஷானா, பரம்பரை வருத்தம், பெட்டைக்கும் வரும் என்று சொல்லமாட்டார்களா? புஸ்பராணி வீட்டில் முட்டு என்ற அந்தச் சொல்லே எழும்பியதில்லை, சம்பந்தம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து மெஷின் பின்னறைக்குப் போய்விட்டது, அதன் இரைச்சல் வெளியே கேளாமல் இருக்க றேடியோவைப் பெரிதாய்ப் போட்டுவிடுவார்கள், இந்த மனிசருக்குக் காலையும் மாலையும் என்ன பாட்டு என்று அக்கம்பக்கம் பகிடி பண்ணும்... அன்றைக்கும் மூச்சு இழுக்க இழுக்க அவள் கையைப் பிடித்து அவர் சொன்னது என்ன? "ஃபானுக்கெண்டு கேள்... மெஷின் எண்டு வாய் திறக்காதை." அவளும் அப்படியே போய், "தம்பி, வீட்டுக்க சரியான புழுக்கமாக் கிடக்கு, ஃபான் போட ஒரு வயர் தாறீங்களா" என்று கேட்டாள். ஃபான். மீன் பழுதாகிக்கொண்டிருந்த ஒருவனிடம் போய்க் காற்று வாங்க வயர் கேட்டாள். இல்லை என்றவுடன் திரும்பியும் வந்துவிட்டாள், அவர் சாகிறார் என்று ஒரு சொல்... ஒரேயொரு சொல்... ஏன் சொல்லவில்லை? பிரியதர்சினியின் கல்யாணம் நடந்தது. ஓம், நடந்ததுதான்.

கீர்த்தனி படிவத்தை அவள் மடியில் வைத்துப் பேனையை நீட்டினாள். நான் கேட்டனான், நீ தரேல்லை... இப்போது சொன்னால் இன்ஷாப் திரும்பிப் பார்த்து, என்ன கேட்டீங்கக்கா என்றுதான் கேட்பான், கேட்டால்? தட்டைத் தருகிறேன் என்ற இடத்தில் புஸ்பராணி கையெழுத்துப் போட்டாள், உம்மு குல்சுமுக்காகவா, சபை பார்த்துக்கொண்டிருக்கிறதே என்றா, தெரியவில்லை. "இந்தக் கட்டம் சும்மா கிடக்கு அன்ரி, உங்களுக்கு எதுக்கு எண்டு எழுதேல்லையே?" "எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை, விடும்." முன் வரிசையிலிருந்து இன்ஷாப் திரும்பி, கண் கலங்க, நெஞ்சில் கை வைத்து அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவனை இன்னும் அவளுக்குப் பிடிக்கவில்லை, எல்லாம் விளங்கிய பிறகும் ஒரு துளி குறையவில்லை, இவனையும் விட்டுவிட்டால் பிறகு குற்றம் சொல்ல அந்தப் பின்னறையில் அவளும் அவரும் மட்டுந்தானே மிச்சம்...